அரண்ட நாயை அடிக்காதீர்கள்

(தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் நடைபெற்ற குடும்ப நல ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் குடிநீரைப் பற்றிப் பேசினோம். அதற்கு முந்திய கூட்டத்தில் சேமிப்பைப் பற்றிப் பேசினோம். இன்றைக்கு நாயைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் சில தம்பிமார் சிரிக்கிறார்கள். "மனுஷனுக்கே ஆயிரம் பிரச்சினை இருக்கு, இதிலே நாயிக்கு ஒரு கூட்டமா?" என்று அவர்கள் நினைப்பது தெரிகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நமது லயங்களில் நாய் இல்லாத வரிசை கிடையாது. விடியற்காலை பெரட்டுக்குப் போகும்போது கூடவே பாதி வழி வருகிறது. இராத்திரி இஸ்தோப்பிலே படுத்துக் காவல் காக்கிறது. நாம் மலைக்குப் போன பிறகு பிள்ளைகளுக்குத் துணையும் அதுதான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள்ளே அந்த நாய் எதையாவது கண்டு மிரண்டால், ஓட இடமில்லாமல் அது யாரைக் கடிக்கும்? பக்கத்தில் நிற்கிற பிள்ளையைத்தான் கடிக்கும்.

நாய் கடித்தது என்று நம்மிடம் வருகிற பெற்றோரிடம் நாம் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பதுண்டு. "நாய் ஏன் கடித்தது?" பெரும்பாலும் வருகிற பதில், "அது கெட்ட நாயிங்க" என்பதாகும். இன்னும் கொஞ்சம் விசாரித்தால் உண்மை வெளியே வரும். யாரோ குடையை விரித்திருப்பார்கள். யாரோ விளக்குமாற்றை ஓங்கியிருப்பார்கள். யாரோ தகரத்தைக் கீழே போட்டிருப்பார்கள். நாய் ஒதுங்கப் பார்த்திருக்கும், வழி கிடைத்திருக்காது. ஆகவே நாயின் பயத்தைப் பற்றிப் பேசுவது நம் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதேயாகும்.

வன்னியிலே கண்ட ஒரு வீடு

நமது மலையகத்துச் சனங்களில் ஒரு பகுதியினர் இன்று வன்னியிலே வாழ்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே இருக்கிற பல குடும்பங்களுக்கு அங்கே அண்ணன் தம்பி, மாமன் மச்சான் உண்டு. 1958, 1977, 1983 ஆகிய வருடங்களின் கலவரங்களுக்குப் பின்னாலும், 1970களின் நடுவிலே தோட்டங்களில் பட்டினி கிடந்த காலத்திலும், மூட்டை முடிச்சோடு மலையிறங்கிப் போனவர்கள் அவர்கள். கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். பேச்சிலே இன்றைக்கும் மலைநாட்டு வாடை போகவில்லை. அப்பாயி, அம்மாயி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் வீட்டிற்குக் கிளிநொச்சிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்காகப் போயிருந்தோம். 1977-க்குப் பிறகு நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து போன குடும்பம். கிணறு, தென்னை, முற்றத்திலே ஒரு வேப்பமரம், ஜிம்மி என்றொரு செவலை நாய். 2022-ஆம் வருடம் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோமே, அப்போது அடுப்புச் செலவைக் குறைக்கலாம் என்று மருமகன் ஒரு பிரஷர் குக்கர் வாங்கி வந்திருக்கிறார். பருப்பு சீக்கிரம் வெந்தது. ஆனால் குக்கர் விசில் அடித்ததும் ஜிம்மி வீட்டிலே நிற்காது. வேலியைப் பிய்த்துக்கொண்டு ஏ-9 வீதிப் பக்கம் ஓடும். அந்த வீதியிலே பஸ்ஸும் லொறியும் போகிற வேகம் வன்னிக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு தடவை மயிரிழையில் தப்பியிருக்கிறது.

"இதென்ன நாயி, சட்டிக்குப் பயப்படுது?" என்று வீட்டிலே எல்லோருக்கும் சிரிப்பு. ஒருநாள் ஒன்பது வயதுப் பேத்தி, பயத்தைப் போக்கிவிடலாம் என்ற நல்லெண்ணத்திலே, நாயின் கழுத்தைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து விசில் அடித்தது. ஜிம்மி அவளுடைய கையைக் கடித்துவிட்டது. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டார்கள். தகப்பன் கோபத்திலே தும்புத்தடியால் நாயை அடித்தார். அதற்குப் பிறகு ஜிம்மிக்குக் குக்கரோடு சேர்த்துத் தும்புத்தடியைக் கண்டாலும் பயம். தகப்பனைக் கண்டாலும் பயம். நாயைக் கொண்டுபோய்த் தூரத்திலே எங்காவது விட்டுவிடுவோம் என்று முடிவெடுத்திருந்த சமயத்திலேதான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.

அந்த வீட்டு அப்பாயி மட்டும் சம்மதிக்கவில்லை. "வேணாங்க ஐயா. அந்தச் சத்தம் எனக்கே ஆகாது. விசில் கூவுனா எனக்கும் கை நடுங்குது. நாயை மட்டும் சொல்லி என்ன பண்றது?" என்றார். யுத்தத்தின் கடைசிக் காலத்திலே அந்தச் சனங்கள் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம்பெயர்ந்து, 2009-ஆம் வருடம் மே மாதத்திலே முள்ளிவாய்க்காலில் போய் முடிந்த கதை உலகத்துக்கே தெரியும். ஷெல் கூவிக்கொண்டு வருகிற சத்தத்தைக் கேட்டவர் அவர். வளர்த்த ஆடு, மாடு, நாய் அத்தனையையும் வழியிலே விட்டுவிட்டு, பிறகு வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே கூடாரத்துக்குள் கிடந்து வந்தவர். "அப்ப ஒரு நாயை விட்டுட்டு வந்தோம். அது ரோடு வரைக்கும் பின்னாலேயே வந்துச்சு. இதையும் விடச் சொல்றீங்களா?" என்று கேட்டார். அதற்கு மேலே யாரும் ஒன்றும் பேசவில்லை.

நாய்க்குப் பயம் எங்கிருந்து வருகிறது?

இங்கே ஒரு கேள்வி எழும். ஜிம்மி யுத்தத்தைக் கண்ட நாயா? இல்லை. நாயின் ஆயுள் பத்திலிருந்து பதின்மூன்று வருடம் வரைதான். 2009-இல் இருந்த நாய்கள் இன்று இல்லை. ஷெல் சத்தம் கேட்காத நாய்க்கு விசில் சத்தத்தின் மேல் ஏன் இந்தப் பயம்?

முதலாவது காரணம் காது. மனிதனின் காதுக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரை கேட்கும். நாய்க்கு ஏறக்குறைய 45,000 அதிர்வு வரை கேட்கும். நமக்குக் கேட்காத கீச்சுச் சத்தமெல்லாம் அதற்குக் கேட்கிறது.

இரண்டாவது காரணம் குட்டிப் பருவம். அமெரிக்காவிலே ஸ்கொட், புல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பல வருடங்கள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து 1965-ஆம் வருடம் ஒரு நூல் வெளியிட்டார்கள். குட்டி பிறந்து மூன்றாவது கிழமையிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது கிழமை வரைக்குமான காலமே அது உலகத்தைப் பழகுகிற காலம் என்று அவர்கள் கண்டார்கள். அந்தக் காலத்திலே மனிதரையும், சத்தத்தையும், சாமான்களையும் நல்லபடியாகப் பழகிய குட்டி பிற்காலத்தில் அவ்வளவு மிரளாது. பழகாத குட்டி, வளர்ந்த பிறகு புதிதாக எதைக் கண்டாலும் ஒதுங்கும். ஜிம்மி குட்டியாக இருந்தபோது அந்த வீட்டிலே குக்கர் இல்லை.

மூன்றாவது காரணம்தான் நாம் கவனிக்க வேண்டியது. நாய் நமது முகத்தைப் படிக்கிறது. இத்தாலியிலே மிலான் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு மேசை மின்விசிறியிலே நாடாக்களைக் கட்டிச் சுழலவிட்டு, நாய்களை அந்த அறைக்குள்ளே கூட்டி வந்தார்கள். 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலான நாய்கள் அந்த விசித்திரமான சாமானைப் பார்த்துவிட்டு, உடனே திரும்பித் தங்கள் எஜமானின் முகத்தைப் பார்த்தன. "இது என்ன? நல்லதா, கெட்டதா?" என்று கேட்பது போல. எஜமான் பயந்தவர் போலக் காட்டிக்கொண்டபோது நாய்கள் ஒடுங்கி நின்றன. இப்போது அந்தக் கிளிநொச்சி வீட்டுக் குசினியை நினைத்துப் பாருங்கள். விசில் அடிக்கிறது. அப்பாயியின் கை நடுங்குகிறது, தோள் குலுங்குகிறது. வாசலிலே படுத்திருக்கிற நாய் அதைப் பார்க்கிறது. யுத்தத்தைக் காணாத நாய்க்கு அந்தப் பயத்தில் ஒரு பங்கு அப்பாயியிடமிருந்தே வந்திருக்கலாம் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப நான்தான் அதுக்கு மாத்திச் சொல்லிக் குடுக்கணும்" என்றார்.

செய்யக்கூடாதவை

"அடியாத மாடு படியாது" என்றொரு பழமொழி நம்மிடம் உண்டு. மாட்டுக்கு அது சரியோ பிழையோ, பயந்த நாய்க்கு அது முழுக்கப் பிழை. குக்கரைக் கண்டு பயப்படுகிற நாயை, குக்கர் இருக்கிற இடத்திலேயே வைத்து அடித்தால் அது என்ன படிக்கும்? "நான் நினைத்தது சரிதான், இந்தச் சாமான் வந்தால் அடியும் வரும்" என்றே படிக்கும். ஒரு பயம் இருந்த இடத்திலே மூன்று பயம் முளைத்த கதையை இப்போதுதான் சொன்னோம்.

இன்னொரு வழக்கமும் நம்மிடம் உண்டு. "கட்டிப்போட்டுக் காட்டுவோம், தானாகப் பழகிடும்" என்பார்கள். கட்டிப்போட்டு விசில் அடிக்கவிட்டால் நாய் முதலில் துள்ளும், ஊளையிடும், பிறகு அடங்கிப் போய்ச் சும்மா கிடக்கும். பயம் தெளிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அது தெளிவு அல்ல. தப்ப வழியில்லை என்று விறைத்துக் கிடப்பது. அவிழ்த்துவிட்டால் முன்னைவிடத் தூரம் ஓடும். தூக்கிக் கொண்டுபோய்ச் சாமானுக்குப் பக்கத்திலே வைப்பதும், மூக்கைப் பிடித்து முகரச் செய்வதும், அது மிரள்வதைப் பார்த்துச் சிரிப்பதற்காகப் பிள்ளைகள் குடையைப் படாரென்று விரிப்பதும் இதே வகைதான்.

பயந்த நாயைத் தடவி ஆறுதல் சொன்னால் பயம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. தானாக வந்து ஒண்டிக்கொள்கிற நாயை மெதுவாகத் தடவலாம். அமைதியாகப் பேசலாம். நாம் பதறாமல் இருந்தால் போதும்.

பக்குவமாகப் பழக்குவது

இதற்கு ஒரு நல்ல முறை இருக்கிறது. நூறு வருடமாக உலகம் அறிந்த முறை. 1924-ஆம் வருடம் நியூயோர்க்கிலே மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி, முயலைக் கண்டு அலறுகிற பீட்டர் என்றழைக்கப்பட்ட மூன்று வயதளவான ஒரு பையனைப் பழக்கினார். பையன் விருப்பமான சாப்பாட்டைச் சாப்பிடுகிற நேரத்திலே, கூட்டுக்குள் இருக்கிற முயலை எட்டத்திலே கொண்டுவந்து வைத்தார். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தினார். கடைசியிலே அந்தப் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான்.

அதே 1924-ஆம் வருடம் செப்டெம்பர் மாதம் ரஷ்யாவிலே லெனின்கிராட் நகரத்தில் பெருவெள்ளம் வந்தது. நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வுகூடத்து நாய்கள் கூட்டுக்குள்ளே வெள்ளத்தில் மாட்டிக்கொண்டன. ஆட்கள் போராடிக் காப்பாற்றினார்கள். வெள்ளம் வடிந்த பிறகும் சில நாய்கள் பழையபடி ஆகவில்லை. படித்த பாடமெல்லாம் மறந்து போயின. அப்படியான ஒரு நாய் தேறிவந்த பிறகு, கதவுக்குக் கீழாலே கொஞ்சத் தண்ணீரை ஒழுகவிட்டுப் பார்த்தார்கள். அவ்வளவுதான், பயம் திரும்பிவிட்டது. அந்த நாயைத் தேற்றியது எது தெரியுமா? பழக்கமான மனிதர் ஒருவர் அதனோடு அறையிலே கூட உட்கார்ந்திருந்ததுதான்.

இந்த இரண்டு பாடத்தையும் சேர்த்து, கால்நடை வைத்தியர்களிடம் நாம் கேட்டறிந்தபடி, அந்த வீட்டிலே ஒரு ஒழுங்கு போட்டுக் கொடுத்தோம். அப்பாயியும் பேத்தியும் பொறுப்பெடுத்தார்கள். அவர்கள் செய்ததை அப்படியே சொல்கிறோம். குக்கர் என்ற இடத்திலே உங்கள் நாய் எதற்குப் பயப்படுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, பழக்குகிற காலத்திலே நாயை அந்தப் பயத்தில் மாட்டவிடாமல் பார்ப்பது. குக்கர் வைக்கிற நேரத்திற்கு முன்னாலேயே பேத்தி ஜிம்மியைத் தூரத்து வளவுக்குக் கூட்டிப் போய்விடுவாள். வேலி ஓட்டையையும் அடைத்தார்கள். ஒரு பக்கம் பழக்கி மறு பக்கம் பயமுறுத்தினால் பலனில்லை.

இரண்டாவது, நாய்க்கு மிகவும் ஆசையான தீனியைத் தெரிந்தெடுத்தார்கள். ஜிம்மிக்கு நெத்தலிக் கருவாடு. உப்புப் போகக் கழுவி, சின்னச் சின்னத் துண்டாகக் கிள்ளிவைத்தார்கள். அவித்த முட்டைத் துண்டும் நல்லது, கோழி ஈரலும் நல்லது. வெங்காயம் கலந்த கறியும் சொக்லேட்டும் நாய்க்கு ஆகாது, கொடுக்க வேண்டாம். அந்தத் தீனியைப் பழக்குகிற நேரம் தவிர வேறு நேரத்திலே கொடுக்கக்கூடாது.

மூன்றாவது, தூரம். அடுப்பில் வைக்காத, வெறும் குக்கரை முற்றத்தின் ஒரு மூலையிலே வைத்தார்கள். நாயைக் கட்டவில்லை. வேப்பமரத்தடியிலே அப்பாயி பலகை போட்டு உட்கார்ந்தார். ஜிம்மி குக்கரைப் பார்த்தும், பதறாமல் தீனி தின்கிற தூரம் எதுவோ அதுதான் தொடங்கும் இடம். அந்த வீட்டிலே அது இருபது அடிக்கு மேலே இருந்தது.

நான்காவது, ஒழுங்கு. இதிலேதான் பலபேர் தவறுகிறார்கள். முதலில் சாமான் தெரிய வேண்டும், அதற்குப் பிறகு தீனி வர வேண்டும். பேத்தி குக்கரை வெளியே கொண்டுவந்து வைப்பாள். நாய் அதைப் பார்க்கும். உடனே அப்பாயி ஒவ்வொரு துண்டாக நெத்தலி போடுவார். குக்கரை உள்ளே எடுத்ததும் நெத்தலியும் நின்றுவிடும். மாற்றிச் செய்தால், அதாவது தீனியைக் காட்டிவிட்டுப் பிறகு சாமானைக் காட்டினால், "தீனி வந்தால் ஆபத்து வரப்போகிறது" என்று நாய் தீனிக்கே பயப்படத் தொடங்கும். காலையிலே மூன்று நிமிடம், மாலையிலே மூன்று நிமிடம், அதற்கு மேலே வேண்டாம்.

ஐந்தாவது, படிப்படியாகக் கூட்டுவது. முதல் கிழமை குக்கர் சும்மா இருந்தது, தூரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிறகு மூடியை மெதுவாக மூடித் திறந்தார்கள். பிறகு விசில் குண்டைக் கையிலே வைத்துக் கிணுகிணுக்க வைத்தார்கள். விசில் சத்தத்தைப் பேத்தி போனிலே பதிந்து வைத்திருந்தாள். அதை முதலில் காதுக்குக் கேட்டும் கேளாத அளவிலே வைத்து, நெத்தலி கொடுத்து, நாளுக்கு நாள் சத்தத்தைக் கூட்டினார்கள். கடைசியிலே நாய் வளவின் எல்லையிலே இருக்க, குசினியிலே உண்மையான குக்கர் ஒரு விசில் அடித்தது. இங்கே தாய்மாருக்கு ஒரு எச்சரிக்கை. நாயைப் பழக்குவதற்காக, ஆவியோடு இருக்கிற குக்கரின் குண்டைக் கையால் தூக்கிச் சத்தம் எழுப்பாதீர்கள். சுடு ஆவி முகத்தில் அடிக்கும்.

ஆறாவது, நாய் சொல்வதைக் கேட்பது. வாலை வயிற்றுக்குக் கீழே ஒடுக்குவது, காதைப் பின்னுக்கு மடிப்பது, சாப்பாடு இல்லாமலே உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, ஒரு முன்காலைத் தூக்கி நிற்பது, வெயிலில்லாமல் இரைப்பது எல்லாம் பயத்தின் அடையாளம். எல்லாவற்றிலும் பெரிய அடையாளம், ஆசையான தீனியைத் தின்ன மறுப்பது. அப்படி நடந்தால் நாய் பிடிவாதம் பிடிக்கிறது என்று அர்த்தமில்லை. நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். முதல் நாள் இருந்த தூரத்துக்கே பின்வாங்க வேண்டும். அந்த வீட்டிலும் விசில் சத்தத்தைக் கூட்டியபோது இரண்டு தடவை பின்வாங்க நேர்ந்தது.

"அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்பார்களே, அந்தப் பழமொழிதான் இங்கே பொருந்தும். இந்த அடி காலடி. கையடி அல்ல.

இரண்டு மாதம் கழித்துப் போன் எடுத்து விசாரித்தோம். ஜிம்மிக்குக் குக்கர் பிடித்துப்போய்விட்டது என்று சொல்ல மாட்டோம். விசில் அடித்தால் எழும்பிப் போய் வேப்பமரத்தடியிலே படுத்துக்கொள்கிறதாம், தீனி வருமா என்று குசினிப் பக்கம் பார்த்தபடி. ஆனால் வீதிக்கு ஓடுவதில்லை. அதுதான் தேவை. தகப்பனும் தும்புத்தடியைக் கீழே கிடத்திவைத்து, பக்கத்திலே உட்கார்ந்து, தன் கையாலே தீனி போடத் தொடங்கியிருக்கிறார். அவர் கையிலே ஜிம்மி வாங்கித் தின்ன மூன்று கிழமை சென்றதாம். அப்பாயியிடம் "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டோம். "சத்தம் பிடிக்கல ஐயா. ஆனா இப்ப விசில் வரப்போகுதுன்னு தெரிஞ்சு நெத்தலியோட காத்துக்கிட்டு இருக்கேன் பாருங்க, முந்தி மாதிரித் தூக்கிப் போடல" என்றார். முன்கூட்டியே தெரிந்திருப்பதும், கையிலே ஒரு வேலை இருப்பதும் மனிதருக்கும் உதவி செய்யும் போலும்.

வன்னியிலே நாயின் அருமையை அறிந்தவர்கள் இன்னும் உண்டு. இலங்கையில் கண்ணிவெடி தேடும் பணிக்கு நாய்களும் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன. வெடிமருந்து வாசனையைக் கண்டதும் அசையாமல் உட்கார்ந்து காட்டும்படி அவற்றைப் பழக்குவார்கள். எதைக் கொடுத்துப் பழக்குவார்கள்? விளையாட ஒரு பந்து, ஒரு தட்டிக்கொடுப்பு. மனிதனின் உயிரையே ஒப்படைக்கிற அவ்வளவு பெரிய வேலையைக்கூட வெகுமதி கொடுத்துத்தான் படிப்பிக்கிறார்கள்.

வருத்தமா, பயமா?

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். இதுவரை பயமில்லாமல் இருந்த நாய் திடீரென்று மாறினால், அது பயம்தான் என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். காதிலே புண் இருந்தாலும், உடம்பிலே நோவு இருந்தாலும் நாய் சத்தத்துக்குச் சிணுங்கும், தொட்டால் சீறும். அதற்குக் கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். அதைவிட ஆபத்தானது விசர்நாய்க்கடி நோய். குணம் மாறி, வாயில் நுரை ஒழுகி, தாடை தொங்கி, காரணமில்லாமல் கண்டதையெல்லாம் கடித்துக்கொண்டு, தள்ளாடித் திரிகிற நாய்க்கு நெத்தலியும் பழக்கமும் உதவாது. கிட்டேயே போக வேண்டாம். பிள்ளைகளை உள்ளே எடுத்துக்கொண்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, அதாவது பி.எச்.ஐ. ஐயாவுக்கு, உடனே அறிவியுங்கள்.

எந்த நாய் கடித்தாலும், நகத்தால் பிறாண்டி இரத்தம் வந்தாலும், முதலில் ஓடுகிற தண்ணீரிலே சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் போடக்கூடாது. பிறகு தாமதிக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி அங்கே இலவசம். "நம்ம வீட்டு நாயிதானே" என்று இருந்துவிடாதீர்கள். நோய்க்குறி வந்த பிறகு காப்பாற்றுவது நடவாத காரியம். உலகம் முழுவதும் வருடத்துக்கு ஏறக்குறைய 59,000 பேர் இந்த நோயால் சாகிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் நாய்க்கடியால் நோய் கண்டவர்கள். வருடத்துக்கு ஒருமுறை நாய்க்கும் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அரசாங்கம் அதை இலவசமாகவே போடுகிறது. அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நமது லயத்துக்கு

நமது தோட்டங்களிலே பிரஷர் குக்கர் இல்லாத வீடு இருக்கலாம். குடை இல்லாத வீடு இல்லை. மழை நாளிலே அம்மா படங்கு கட்டி, குடை பிடித்து வந்தால் சொந்த நாயே குரைக்கிறது, ஒளிக்கிறது. அப்படியானால் குடையை மடித்தபடி தரையிலே கிடத்தித் தொடங்குங்கள். அடுத்த கிழமை கால்வாசி விரியுங்கள். அதற்கடுத்து அரைவாசி. முழுதாக விரித்துத் தலைக்கு மேலே பிடிப்பது கடைசிப் படி. விளக்குமாற்றுக்குப் பயந்த நாய் என்றால், அந்த வீட்டிலே யாரோ அதனால் அடித்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். பழக்குவதற்கு முன்னாலே அடிப்பதை நிறுத்த வேண்டும்.

காம்பராவிலே ஒரு மூலையை நாய்க்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். ஒரு பழைய சாக்கு போதும். பயந்தால் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளட்டும். அங்கே படுத்திருக்கும்போது பிள்ளைகள் இழுக்கக்கூடாது, எழுப்பக்கூடாது. தீபாவளி வருவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே வெடிச் சத்தத்துக்கு இதே முறையிலே பழக்கத் தொடங்குங்கள். தீபாவளிக்கு முதல் நாள் தொடங்கிப் பிரயோசனமில்லை. வீட்டிலே குட்டி இருந்தால் அதைவிடச் சுலபம். குடை, தகரம், றேடியோ, விளக்குமாறு எல்லாவற்றையும் சின்னதிலேயே தீனியோடு பழக்கிவிடுங்கள்.

இந்த வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் பெரியவர்கள் பக்கத்திலே இருந்தபடி ஒப்படைக்கலாம். எவ்வளவு தூரத்திலே நாய் தின்றது, எந்த நாள் மறுத்தது என்று ஒரு பழைய கொப்பியிலே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பிகளைக் கொண்டு வாருங்கள். யார் நாய் எத்தனை அடி கிட்டே வந்திருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம். பின்வரிசைத் தம்பிமாரும் கட்டாயம் கொண்டுவர வேண்டும்.